சவுக்குக் காலுக்குப் பூசிய மஞ்சள்

டிரில் மெஷின் சுவரில் இறங்கும் சத்தம் கேட்டால் உங்களில் எத்தனை பேர் எழுந்து வெளியே போய்விடுவீர்கள் என்று எனக்குத் தெரியாது. நான் போய்விடுவேன். என் வயதுக்காரர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பிள்ளைகள் வளர்ந்து, தோளுக்கு மேல் போய், ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நிற்கும்போது நடுவில் ஓடி நிற்கத் தெரியாமல் தவித்தவர்களுக்குப் புரியும்.

என் இரண்டு மகன்களும் சேர்ந்து மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடற்கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரு துண்டு மனை வாங்கி அதில் மரத்தால் ஒரு சின்ன கேபின் போட்டிருக்கிறார்கள். ஒரே ஒரு அறை. சனி ஞாயிறு சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவதாகத் திட்டம். பெரியவனுக்குச் சுவர் வெறுமையாக இருக்க வேண்டும். சின்னவனுக்கு உள்ளே ஷெல்ஃப் வேண்டும். அதுவும் பழைய படகுப் பலகையில், சவுக்குக் கட்டைகளை நிறுத்தி, நாட்டுப்புறப் பாணியில். இதற்காகப் போனில் ஒருவரையொருவர் கத்தினார்கள். ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் பெரியவன் டம்ளரைத் தூக்கிச் சுவரில் அடித்தான். பிறகு சின்னவன் அண்ணனிடம் சொல்லாமலே பலகையை வாங்கிக்கொண்டு வந்து இறக்கிவிட்டான்.

அந்தப் பலகையை இறக்கியபோது நான் அங்கே இருந்தேன். தார் வாசனையும், பழைய மீன் எண்ணெய் வாசனையும், உப்பும். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வேலைக்காரர்கள் வெயில் என்று நினைத்து நாற்காலி போட்டார்கள்.

வெயில் இல்லை.

எனக்கு அப்போது நான்காம் வகுப்போ ஐந்தோ. அப்பா செங்கல்பட்டில் ஒரு மரவாடியில் வேலை பார்த்தார். மரவாடியை மூடிவிட்டார்கள். வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, செய்யூர்ப் பக்கம் அப்பாவின் ஊருக்குப் போனோம். அங்கே பெரிய வீட்டில் பெரியப்பாவும் பெரியம்மாவும் இருந்தார்கள். அப்பாவுக்குப் பெரியப்பா வெறும் அண்ணன் இல்லை. அவர் முன்னால் அப்பா உட்காரக்கூட மாட்டார்.

ஒரே அடுப்பில் இரண்டு பெண்கள் எத்தனை நாள் சமைக்க முடியும்? ஒரு காலையில் பெரியம்மா எங்கள் பாத்திரங்களை ஒவ்வொன்றாக வாசலில் வீசினாள். பித்தளைக் குடம் கல்லில் பட்டு நசுங்கிய சத்தம் இன்னும் நினைவிருக்கிறது. அம்மா ஓடிப்போய் அதை எடுக்கக் குனிந்தபோது ஒரு கரண்டி பறந்து வந்து அவள் முதுகில் பட்டது. அவள் நிமிரவே இல்லை. குனிந்தபடியே எல்லாவற்றையும் பொறுக்கினாள்.

பெரியப்பா அன்று சாயங்காலம் அப்பாவைக் கூப்பிட்டார்.

"தோப்பு ரூம்புல போயி இரு. சவுக்கு வெட்டற வரிக்கும். அப்பால பாப்போம்."

"சரிணா."

"ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. செவுத்துல ஒரு ஆணி அடிக்கக் கூடாது. ஒரு ஆணி!"

"சரிணா."

அந்த ஆணிக்கு ஒரு கதை இருந்தது. தோப்பு பாகம் பிரிக்காத சொத்து. எங்கள் பக்கத்தில் அண்ணன் தம்பிகள் பாகம் பிரிக்கும்போது ஊர்ப் பெரியவர்கள் வந்து முதலில் பார்ப்பது பத்திரத்தை அல்ல. எந்த அறையில் யார் சாமி படம் மாட்டியிருக்கிறார்கள், யார் பரண் கட்டியிருக்கிறார்கள் என்பதைத்தான். பெரியப்பாவின் சித்தப்பா ஒருத்தர் ஒரே ஒரு முருகன் படத்தை மாட்டி வைத்தே ஒரு கொட்டகையை எடுத்துக்கொண்டாராம். பெரியப்பா சின்ன வயதில் அந்தச் சண்டையைப் பார்த்தவர். அவருக்கு ஆணி என்றால் ஆணி இல்லை.

தோப்பு ரூம் காவலுக்காகக் கட்டியது. செங்கல் சுவர், மண் தரை, மேலே கல்நார் ஓடு. சுற்றிலும் சவுக்கு. காற்று வீசினால் தோப்பு முழுக்க யாரோ வாயை மூடிக்கொண்டு அழுவது போலச் சத்தம் வரும். காலில் சவுக்குச் சருகு மெத்தை மாதிரி அமுங்கும். கிழக்கே கொஞ்சம் நடந்தால் உப்பளம், அதைத் தாண்டினால் கடல். உள்ளே ஒரு மாடம்கூடக் கிடையாது. அரிசிப் பானை, துணி மூட்டை, என் புத்தகம், எல்லாம் தரையில்தான்.

பள்ளிக்கூடத்துப் பையைத் தரையில் வைத்தால் கறையான் ஏறியது. ஒரு நாள் வெளியே கிடந்த ஒரு துருப்பிடித்த ஆணியை எடுத்து, கல்லால் சுவரில் தட்டி, பையை மாட்டினேன். அப்பா உள்ளே வந்தார். பையைப் பார்த்தார். கன்னத்தில் ஓங்கி ஒரே அறை. நான் எதிர்ச் சுவரில் போய் விழுந்தேன். இடது காதில் வண்டு புகுந்தது போல இரைச்சல். அவர் என்னைத் தூக்கவில்லை. முதலில் ஆணியைப் பிடுங்கினார். சுண்ணாம்பைக் கஞ்சியில் குழைத்து அந்த ஓட்டையை அடைத்து, விரலால் தேய்த்துத் தேய்த்துச் சமப்படுத்தினார். அதற்குப் பிறகுதான் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்து அழுதார். அந்தக் காது இன்றும் கொஞ்சம் மந்தம்.

அடுத்து பாம்பு வந்தது. மழை ஆரம்பித்த சமயம். அம்மா அரிசி எடுக்கப் பானைக்குப் பின்னால் கை விட்டாள். சீறல் கேட்டது. கண்ணாடி விரியன், பானையைச் சுற்றிக்கொண்டு கிடந்தது. நான் பானைக்கு இந்தப் பக்கம் படுத்திருந்தேன்.

அம்மா கத்தவில்லை. உலக்கையை எடுத்தாள். முதல் அடியிலேயே அது செத்திருக்க வேண்டும். அவள் நிறுத்தவில்லை. பானை உடைந்தது, அரிசி சிதறியது, அவள் அடித்துக்கொண்டே இருந்தாள். தரையில் அரிசியும் தோலும் சதையும் ஒன்றாகக் குழைந்துபோன பிறகும் அடித்தாள். அப்பா பின்னாலிருந்து கட்டிப் பிடித்தார்.

"செத்துப்பூச்சி. வுடு. செத்துப்பூச்சின்றேன்ல!"

"எம் பொண்ணு தலமாட்டுல கீது! பொருள எல்லாம் தரையில போட்டுகினு எத்தினி நாளு? மேல வைக்க ஒரு பலக இல்ல. உங்கண்ணனுக்கு ஆணிதான் பெருசா?"

அப்பா உலக்கையை அவள் கையிலிருந்து வாங்கி மூலையில் வைத்தார். அந்த இரவு அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்ததாக அம்மா பிற்பாடு சொல்லுவாள். விடிந்ததும் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்ததாம்.

"ஆணி அடிக்காம ஷெல்ஃபு போடலாம்," என்றார். "செவுத்தத் தொடவே வாணாம்."

மரவாடிக்காரர் அல்லவா. தரையில் சவுக்குக் கால்களை நட்டு, மேலே உத்தரத்தோடு முட்டுக் கொடுத்து நிறுத்தி, குறுக்கே கட்டை கட்டி, அதன் மேல் பலகை. எல்லாம் நைலான் கயிற்றுக் கட்டு. சுவருக்கும் அதற்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி. அண்ணனுக்குக் கொடுத்த வாக்கும் தவறாது, பொருளும் தரையை விட்டு எழும்.

காலுக்கான கட்டை தோப்பிலேயே காற்றில் முறிந்து விழுந்து கிடந்தது. பலகைக்குக் கடற்கரைக்குப் போனோம். அந்த வாரப் புயலில் ஒரு படகு கரையில் மோதி உடைந்திருந்தது. படகுக்காரர் ஒரு கோடாலியோடு தன் படகையே வெட்டிக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றி யாரும் கிட்டே போகவில்லை. ஒவ்வொரு வெட்டுக்கும் படகைக் கெட்ட வார்த்தையால் திட்டினார். அப்பா தூரத்திலிருந்தே கேட்டார்.

"அண்ணாத்த, ரெண்டு மூணு பலக எடுத்துக்கட்டுமா?"

"எடுத்துகினு போ! எல்லாத்தியும் எடுத்துகினு போ! என் கண்ணுல காட்டாத!"

அப்பா பலகைகளைத் தலையில் சுமந்து வந்தார். சின்னச் சின்ன சிப்பி ஓடுகள் கல்லாக ஒட்டியிருந்தன. அவற்றைச் சுரண்டுவது என் வேலை. சில பலகைகளில் ஆணி உள்ளேயே முறிந்து, முனை மட்டும் மறுபக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. அப்பா இடுக்கியால் இழுத்துப் பார்த்தார், வரவில்லை. "பின்பக்கம் திருப்பி வச்சா யாருக்கும் குத்தாது," என்று அப்படியே வைத்துவிட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை அப்பா முதல் சவுக்குக் காலை நட்டார். குழியில் மண்ணைப் போட்டுக் கடப்பாறையால் கெட்டித்துவிட்டு நிமிர்ந்தால், அம்மா தலைக்குக் குளித்துவிட்டு மஞ்சள் குழைத்துக்கொண்டு நிற்கிறாள். காலுக்கு மஞ்சள் பூசினாள். மூன்று குங்குமப் பொட்டு வைத்தாள். மாவிலை கட்டிக் கற்பூரம் ஏற்றினாள்.

அப்பா சிரித்தார். "ஏண்டி, ஷெல்ஃபுக்கு எவளாவது பந்தக்கால் பூச போடுவாளா?"

"தரையில கால நட்டா சும்மா வுடலாமா? நட்டது நிக்க வாணாமா?"

அவளுக்கு அது பழக்கம். அவள் பிறந்த வீட்டில் மாட்டுக் கொட்டகைக்குக் கால் நட்டாலும் மஞ்சள் பூசுவார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வீட்டு விளக்கைத் துடைப்பது போல அந்தக் காலையும் துடைத்து மஞ்சள் பூசினாள்.

அந்த ஷெல்ஃபைப் போல ஒன்றை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. பலகைகள் ஒன்றுக்கொன்று நீளம் சேராது. ஒன்றில் பாதி அழிந்த நீலப் பெயிண்ட், ஒன்றில் தாரின் கறுப்பு. மழை வந்தால் அறை முழுக்க மீன் வாசனை. நசுங்கிய பித்தளைக் குடம் மேலே ஏறியது, உப்பு ஜாடி ஏறியது, என் புத்தகம் ஏறியது. உச்சிப் பலகையில் ஒரு படத்தை அம்மா சாய்த்து வைத்தாள். திருக்கழுக்குன்றத்தில் கல்யாணமான புதிதில் வாங்கியது. மலை, கோயில், இரண்டு கழுகு, கண்ணாடிச் சட்டம். மாட்டவில்லை, சாய்த்துத்தான் வைத்தாள். அதையும் அப்பா கவனமாகப் பார்த்துக்கொண்டார். காற்றடிக்கும்போது உத்தரம் அசையும், ஷெல்ஃப் முனகும், கண்ணாடிக்குள் கழுகு நடுங்கும். நான் படுத்துக்கொண்டு அதையே பார்ப்பேன். பாம்பு வராத உயரத்தில் எங்கள் வீடு ஏறிவிட்டது என்று தோன்றும்.

பொங்கல் முடிந்த வெள்ளிக்கிழமை, உச்சி வெயிலில், சவுக்கு வெட்டும் ஆட்களோடு பெரியப்பா வந்தார். தோப்பை ஆட்களுக்குக் காட்டிவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, குனிந்து உள்ளே நுழைந்தார். வெளிச்சத்திலிருந்து வந்ததால் கொஞ்ச நேரம் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு தெரிந்தது.

"இன்னாடா இது?"

"ஷெல்ஃபுணா. பாம்பு வந்துச்சி. கொயந்த படுக்கிற எடத்துல."

"யாரக் கேட்டு வச்ச?"

"செவுத்துல ஆணி அடிக்கலணா. நீயே தடவிப் பாரு."

பெரியப்பா உண்மையிலேயே தடவிப் பார்த்தார். ஷெல்ஃபுக்குப் பின்னால் கையை விட்டு, சுவர் முழுக்க உள்ளங்கையால் தடவினார். அப்பாவின் முகத்தில் பரீட்சையில் பாஸான பையனின் சந்தோஷம். பெரியப்பாவின் கை சுவரிலிருந்து வெளியே வந்து, சவுக்குக் காலில் ஊன்றியது. ஊன்றிய கையை எடுத்துப் பார்த்தார். மூக்கருகே கொண்டு போனார்.

"மஞ்சா."

அந்தக் கையை அப்பாவின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"வெறும் ஷெல்ஃபுன்னா எதுக்குடா மஞ்சா? கால் நட்டுகினியா? என் தோப்புல கால் நட்டு, பூச போட்டு, வூடு கட்டறியா?"

"ஐயோ, இல்லணா..."

"ஆணி அடிக்காதன்னு சொன்னா நீ கால நடுற. நான் அவ்ளோ கேனயனா?"

அப்பா அந்த நிமிஷம் வரைக்கும் அதை நினைக்கவே இல்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. இன்றைக்கு எனக்கு அது தெளிவாகத் தெரிகிறது. ஆணியையே நினைத்துக்கொண்டிருந்தவர், மண்ணில் கால் நடுவது ஆணியை விடப் பெரிய உரிமை என்பதை மறந்துவிட்டார். பெரியப்பாவுக்கோ சித்தப்பாவின் முருகன் படம் கண்ணில் ஆடியது. மேலே கழுகுப் படமும் இருந்ததே.

அம்மா முன்னால் வந்தாள். "நான்தான் மாமா பூசனேன். அவுருக்கு ஒண்ணும் தெரியாது. எங்கூட்டுப் பழக்கம்..."

"ஒதுங்குமே!"

புறங்கையால் அடித்தார். அம்மாவின் தலை சவுக்குக் காலில் மோதிய சத்தம் கேட்டது. மூக்குத்திப் பக்கம் கிழிந்து ரத்தம் வாயில் இறங்கியது. மஞ்சள் மேல் சிவப்பு.

அதுவரை அண்ணன் எதிரில் குரல் உயர்த்தாத அப்பா, கைக்கு அகப்பட்ட பலகையை உருவினார். குடம், ஜாடி, படம், எல்லாம் என் பக்கம் சரிந்தன. நான் மூலையில் குந்தி இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டேன். கண்ணாடி உடைந்தது. கைகளுக்கு நடுவில் பார்த்தேன். பலகை பெரியப்பாவின் முகத்தில் இறங்கியது. பின்பக்கம் திருப்பி வைத்திருந்த அந்த ஆணி கன்னத்தில் மாட்டி, காது வரைக்கும் கிழித்துக்கொண்டு போனது.

பெரியப்பா ஒரு சத்தம் போட்டார். மனுஷக் குரல் மாதிரி இல்லை. வெளியே போய், ஒரு ஆளின் கையிலிருந்த கோடாலியைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். அப்பாவை வெட்டத்தான் வருகிறார் என்று அம்மா அலறினாள். அவர் அப்பாவைப் பார்க்கவே இல்லை. மஞ்சள் பூசிய காலை ஓங்கி வெட்டினார். ஒரு வெட்டு. இரண்டாவதற்குக் கால் ஆடியது, மேலே உத்தரம் நகர்ந்தது, ஓடு உரசியது. கீழே நான் இருந்தேன். அப்பா பாய்ந்து வந்து இரண்டு கையாலும் ஆடிய காலைப் பிடித்து நிறுத்தினார்.

மூன்றாவது வெட்டு காலின் மேல் விழவில்லை.

தோப்பின் அழுகை மட்டும் கேட்டது. தரையில் உடைந்த ஜாடியின் உப்பு பரவிக் கிடந்தது. அதன் மேல் அப்பாவின் இரண்டு விரல்.

சவுக்கு ஏற்ற வந்த லாரியிலேயே இரண்டு பேரையும் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். திறந்த லாரி. அம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பெரியப்பா தன் கன்னத்தை விட்டுவிட்டார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து அப்பாவின் கையில் சுற்றி, தன் இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டிருந்தார். அவர் முகத்து ரத்தம் அந்தத் துண்டின் மேலேயே சொட்டியது.

"அழுத்திப் புடிடா. அழுத்திப் புடி. தூங்காத. டேய், என்னைப் பாரு."

அப்பா அவரைப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு ஒரு போலீஸ்காரர் வந்தார். இரண்டு பேரையும் எதிரெதிர்க் கட்டிலில் போட்டிருந்தார்கள். போலீஸ்காரர் முதலில் பெரியப்பாவைக் கேட்டார்.

"ஷெல்ஃபு சாஞ்சி வுழுந்துச்சி சார்."

"ஷெல்ஃபு வுழுந்தா கன்னம் இப்படியா கிழியும்?"

"படகுப் பலக சார். ஆணி இருந்துச்சி."

அப்பாவிடம் திரும்பினார். "உனக்கு?"

"ஷெல்ஃபுதான் சார்."

"அது இன்னாய்யா ஷெல்ஃபு, ஒருத்தனுக்கு மூஞ்சி, ஒருத்தனுக்கு வெரலு!" என்று போலீஸ்காரர் சிரித்தார். பக்கத்துக் கட்டில்காரர்களும் சிரித்தார்கள். அண்ணன் தம்பி இரண்டு பேரும் சிரிக்கவில்லை. அதுதான் அவர்கள் கடைசியாக ஒத்துப்போன பேச்சு. அதற்குப் பிறகு சாகும்வரை பேசிக்கொள்ளவில்லை. தோப்பை வழக்கு தின்றது, வக்கீல் தின்றார், கடைசியில் யாரோ வாங்கிக் கல் நட்டு மனை போட்டார்கள். நாங்கள் மறுபடி அந்த அறைக்குப் போகவே இல்லை. அம்மா ஒரே ஒரு முறை கழுகுப் படத்தைக் கேட்டாள். யாரும் எடுத்து வரவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். லாரியில் ஏறும்போது நான் பார்த்தேன். வாசல் பக்கச் சுவரில் ஒரு கட்டுக் கரும்பு சாய்ந்திருந்தது. தோகையோடு, மஞ்சள் கொத்தோடு. ஆட்கள் கொண்டுவரவில்லை. பெரியப்பாதான் சைக்கிளில் கட்டி எடுத்து வந்திருக்கிறார். எங்களுக்குத்தான்.

என் மகன்களுக்கு இது எதுவும் தெரியாது. தாத்தாவின் விரல்கள் மரவாடி மெஷினில் போயின என்றுதான் சொல்லி வளர்த்தேன்.

போன மாதம் சின்னவன் ஷெல்ஃபை முடித்துவிட்டான். அண்ணனிடம் சொல்லவில்லை. நானும் கேபினில் இருந்தேன். பெரியவன் கார் வந்து நின்ற சத்தம் கேட்டது. குனிந்து உள்ளே வந்தான். வெளிச்சத்திலிருந்து வந்ததால் கொஞ்ச நேரம் அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"யாரக் கேட்டு வச்ச?"

அதே வார்த்தை. யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

சின்னவன் டிரில் மெஷினைக் கீழே வைக்கவில்லை. "எனக்கும் பாதி இருக்குல்ல? உன்னை எதுக்குக் கேக்கணும்?"

பெரியவன் தரையில் கிடந்த சுத்தியலை எடுத்தான். சவுக்குக் காலை நோக்கிப் போனான்.

"நான்தான் வைக்கச் சொன்னேன்," என்றேன். சொன்ன பிறகுதான் அது யாருடைய குரல் என்று தெரிந்தது. "அவனுக்கு ஒண்ணும் தெரியாது."

பெரியவன் சுத்தியலின் பின்பக்கத்தால் காலை இரண்டு தட்டுத் தட்டினான். "ஸ்க்ரூ சரியா புடிக்கல. ஆடுது பாரு. இதுல எவனாவது சாஞ்சா மேல விழும், லூசு," என்று தம்பியிடம் சொல்லிக்கொண்டே திரும்பியவன் அப்படியே நின்றுவிட்டான். சின்னவனும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மா? என்னம்மா ஆச்சு?"

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் மூலையில் குந்தியிருந்தேன். இரண்டு கையும் தலை மேல் இருந்தது.

பெரியவன் ஒரு அடி முன்னால் வைத்தான். நான் சுவரோடு ஒட்டினேன். அவன் தன் கையைப் பார்த்தான், சுத்தியலைப் பார்த்தான். அதை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்தான். சின்னவனும் மெஷினை வைத்துவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். இரண்டு பேரும் கேட்டார்கள். அன்று சாயங்காலம் முழுக்கச் சொன்னேன்.

ஷெல்ஃபை அவர்கள் எடுக்கவில்லை. ஸ்க்ரூவை மாற்றிச் சரிசெய்திருக்கிறார்கள். ஆனால் அதில் இன்னும் ஒன்றும் வைக்கவில்லை. முதல் பொருளை நான் வைக்கட்டும் என்று காத்திருக்கிறார்கள். சின்னவன் போனில் கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

போன வெள்ளிக்கிழமை அங்கே போனேன். சவுக்குக் காலைத் தொட்டுப் பார்த்தேன், வழவழவென்று பாலிஷ் போட்டிருந்தார்கள். பையில் மஞ்சள்தூள் டப்பா இருந்தது. மூடியைத் திறந்தேன்.

மூடிவிட்டு, பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.